தோலைக் கடந்த ஒளி

மனிதன் தன் உடலுக்குப் புறத்தே ஆக்கிக்கொண்ட கருவிகள் பலப்பல. நிலத்தை உழக் கலப்பையும், மரத்தைப் பிளக்கக் கோடரியும், வழி கடக்க வண்டியும், இருளை ஓட்ட விளக்கும் அவன் ஆக்கினான். ஆனால் உடலுக்குள்ளேயே ஒரு கருவியை வைத்துத் தைத்து, தளர்ந்த உறுப்பின் வேலையை அக்கருவியைக் கொண்டு நடத்தி உயிரைக் காக்கலாம் என்னும் எண்ணம் 1958-ம் ஆண்டிலேதான் கைகூடியது. மனித வரலாற்றின் நீளத்தை நோக்க, அது நேற்று நடந்த செய்தியே யாகும்.

கருவியைச் செய்வது ஒரு வேலை. அதற்கு இரை கொடுப்பது மற்றொரு வேலை. வண்டிக்கு மாடு வேண்டும். மாட்டிற்குப் புல் வேண்டும். விளக்கிற்கு எண்ணெய் வேண்டும். மோட்டாருக்குப் பெட்ரோல் வேண்டும். நெஞ்சுக் கூட்டின் தோலுக்கடியில் கிடக்கும் கருவிக்கு எதை இரையாகக் கொடுப்பது? யார் கொண்டுபோய்க் கொடுப்பது? இவ்வொரு கேள்வியே அக்கருவிகளின் வரலாறு முழுவதையும் நடத்திவந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த விடைகளுள் மிகவும் வியப்பானது ஒளி. அவ்விடை எவ்வாறு தோன்றியது, எவ்வளவு தூரம் நிறைவேறியது, அதனால் நம்மனோர்க்கு விளையும் நன்மை யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

கையால் சுற்றிய கருவி

நம் இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதன் மேற்புறத்திலுள்ள ஒரு சிறு தசைப்பகுதியில் மெல்லிய மின் துடிப்பு ஒன்று எழுந்து, கீழே பரவி, தசைகளைச் சுருங்கச் செய்கிறது. அம்மின் துடிப்பு செல்லும் வழி அடைபட்டால் துடிப்புக் குறையும். மூளைக்கு இரத்தம் போதாமல் மனிதன் மயங்கி விழுவான். இவ்வாறு விழுந்தவனைப் பேய் அறைந்ததென்று சொல்லித் தாயத்துக் கட்டிய காலம் உண்டு. விதி முடிந்ததென்று கைவிட்ட காலமும் உண்டு. நோயின் காரணம் மின்சாரம் தடைப்படுவதே என்று அறிந்தபின், அம்மின்சாரத்தை நாமே கொடுத்தால் என்ன என்னும் துணிவு பிறந்தது.

1928-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மார்க் லிட்வில் என்னும் டாக்டர், உயிரின்றிப் பிறந்ததாகத் தோன்றிய ஒரு குழந்தையின் இருதயத்தில் ஊசி வழியாக மின்சாரம் செலுத்தி அதை உயிர்ப்பித்தார். அவர் கருவிக்கு வீட்டு விளக்கிற்கு வரும் மின்சாரமே இரை. 1932-ம் ஆண்டில் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஹைமன் என்பவர் தம் கருவியைப் பற்றி வெளியிட்டார். அது 7.2 கிலோ எடையுள்ளது. கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பதுபோல் கையால் சுற்றிவிட்டால் ஆறு நிமிஷம் ஓடும். ஆறு நிமிஷத்திற்கு ஒருமுறை மற்றொருவன் கை ஓயாது சுற்றினால்தான் நோயாளியின் இருதயம் துடிக்கும் என்ற நிலை அது.

1952-ம் ஆண்டில் பாஸ்டன் நகரின் பால் ஸோல் மார்பின் மேல்தோலிலேயே தகடுகளை வைத்து இருதயத்தைத் துடிக்கச் செய்தார். உயிர் நின்றது, ஆனால் வலி மிகுதி. நோயாளி சுவரிலிருந்து வரும் மின்கம்பியின் நீளத்திற்குமேல் நடக்க முடியாது. கட்டிவைத்த மாடு கயிற்றின் நீளத்திற்குள் மேய்வதுபோன்ற வாழ்வு அது.

அக்கயிறும் அறுபடக்கூடியது என்பதை 1957-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி காட்டியது. அன்று அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் மின்சாரம் நின்றுவிட்டது. ரணசிகிச்சைக்குப்பின் இவ்வித மின் துடிப்பை நம்பிக் கிடந்த குழந்தைகளுக்கு எத்தகைய ஆபத்து என்பதை வால்ட்டன் லில்லஹை என்னும் டாக்டர் உணர்ந்தார். மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த ஏர்ல் பேக்கன் என்பவரிடம் அவர் வேறு வழி கேட்டார். பேக்கன் சில வாரங்களில் டிரான்சிஸ்டரும் பாட்டரியும் கொண்ட ஒரு சிறு பெட்டியைச் செய்து கொடுத்தார். நோயாளி அதை உடையின்மேல் அணிந்துகொண்டு நடக்கலாம். சுவரோடு பிணித்த கயிறு போயிற்று. ஆயினும் கம்பி தோலைத் துளைத்தே உள்ளே சென்றது. அத்துளை வழியே நோய்க்கிருமியும் செல்லும். ஆதலின் கருவி முழுவதும் தோலுக்குள் போகவேண்டும் என்பது அடுத்த தேவையாயிற்று.

ஸ்டாக்ஹோமில் ஒரு நாள்

1958-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி, ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரை யடுத்த கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அது நடந்தது. ஆர்னே லார்சன் என்பவர் நாற்பத்து மூன்று வயதினர். ஒரே நாளில் பலமுறை அவருடைய இருதயம் நின்று நின்று, உயிர்ப்பிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. அவர் மனைவி டாக்டரையும் எஞ்சினியரையும் விடாது நெருக்கிக் கேட்டார். ரூனே எல்ம்க்விஸ்ட் என்னும் எஞ்சினியர் கருவியைச் செய்தார். ஓகே செனிங் என்னும் டாக்டர் அதை உடலினுள் வைத்தார். கருவியின் உறுப்புக்களைப் பிசினில் வார்த்தெடுப்பதற்கு எல்ம்க்விஸ்டிற்கு அச்சாக உதவியது என்ன தெரியுமா? செருப்பிற்குப் பூசும் கிவி பாலிஷின் தகர டப்பா. உலகத்தை மாற்றிய பொருள்களிற் சில இவ்வளவு எளிய பிறப்புடையன.

அக்கருவி சில மணி நேரமே ஓடியது. பின் மற்றொன்று வைக்கப்பட்டது. அதுவும் நெடுநாள் நிற்கவில்லை. லார்சன் தம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி உடலில் ஏற்றார். 2001-ம் ஆண்டில், எண்பத்தாறாம் வயதில், இருதயத்தோடு தொடர்பில்லாத வேறொரு நோயால் காலமானார். அவரைக் காத்த எஞ்சினியரும் டாக்டரும் அவருக்கு முன்னரே மறைந்தனர்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஒன்றுண்டு. அம்முதற் கருவியின் பாட்டரியைத் தோலுக்கு வெளியிலிருந்தே, கம்பிச் சுருளின் காந்த ஆற்றலால், மீண்டும் நிரப்புவதற்கு எல்ம்க்விஸ்ட் வழி வைத்திருந்தார். தோலைத் துளையாமல் தோலைக் கடந்து சக்தியை உள்ளே அனுப்பவேண்டும் என்னும் எண்ணம் முதற் கருவியுடனேயே பிறந்துவிட்டது. அதை நிறைவேற்றும் கருவிகள்தாம் அன்று முதிரவில்லை.

பாட்டரியின் ஆயுள்

அமெரிக்காவில் வில்சன் கிரேட்பாட்ச் என்னும் எஞ்சினியரும் வில்லியம் சார்டக் என்னும் டாக்டரும் 1960-ம் ஆண்டு முதல் பாதரசப் பாட்டரி கொண்ட கருவிகளை மனிதருக்கு வைத்தனர். இரண்டு ஆண்டு அளவில் பாட்டரி தீர்ந்துவிடும். தீர்ந்தால் மீண்டும் கத்தி. 1970-ம் ஆண்டில் பாரிஸ் நகர டாக்டர்கள் புளூட்டோனியம் என்னும் அணுப்பொருளின் வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவியை ஒருவருக்கு வைத்தனர். அது பல்லாண்டு ஓடவல்லது. ஆனால் அணுப்பொருளைச் சுமந்தவன் இறந்தால் அதை மீட்டெடுக்க வேண்டும். அவன் எங்குச் செல்கிறான் என்பதையும் கண்காணிக்க வேண்டும். ஒரு மனிதனின் நெஞ்சை அரசாங்கப் பண்டசாலையாக்கும் அவ்வழி நெடுநாள் செல்லவில்லை. 1972-ம் ஆண்டில் லித்தியம் பாட்டரி வந்தது. இன்றும் பேஸ்மேக்கர் என வழங்கும் இத்துடிப்புக் கருவிகளுக்குப் பெரும்பாலும் அதுவே இரை. அதன் ஆயுள் பல ஆண்டுகள். ஆயினும் அதற்கும் ஒரு முடிவுண்டு.

முடிவு வரும்போதெல்லாம் தோலை மீண்டும் அறுக்கவேண்டும். ஒவ்வோர் அறுவையிலும் கிருமி புகும் அச்சமுண்டு, பணச் செலவுமுண்டு. நகரத்தில் வாழும் செல்வனுக்கு அது ஒரு வாரத்து இடைஞ்சல். தோட்டப்புறத்துத் தொழிலாளிக்கோ அது வேலை நாள்களின் இழப்பு, வழிச்செலவு, உடன் செல்பவனின் கூலியிழப்பு, வீட்டிற் குழந்தைகளைப் பார்ப்பார் இல்லாமை என்று பலவாகப் பெருகும். ஆதலின் பாட்டரியின் ஆயுளை நீட்டுவது எஞ்சினியர்களின் விளையாட்டன்று. அது ஏழையின் வாழ்வைத் தொடும் கேள்வி.

ஒளி மின்சாரமான கதை

இனி ஒளியின் பக்கம் திரும்புவோம். 1839-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் எட்மண்ட் பெக்கெரல் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் தம் தந்தையாரின் ஆராய்ச்சிச் சாலையில், திராவகத்தில் அமிழ்ந்த உலோகத் தகடுகளின்மேல் ஒளி பட்டால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டார். அதன் பின் முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த அடுத்த கண்டுபிடிப்பிற்கும் நம் மலாயாக் காடுகளுக்கும் ஒரு தொடர்புண்டு.

1843-ம் ஆண்டில் சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் மாண்ட்கோமரி, மலாய் மக்கள் கத்திப்பிடி முதலியவற்றிற்கு வழங்கிய கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலின் கட்டியை லண்டனுக்கு அனுப்பினார். நீரில் கெடாத அப்பொருளே கடலடித் தந்திக் கம்பிகளுக்குச் சட்டையாயிற்று. அத்தகைய கடற்கம்பிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர் வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். சோதனைக்காக அவரும் அவருடைய உதவியாளரும் செலினியம் என்னும் பொருளாலான கோல்களைப் பயன்படுத்தினர். வெளிச்சம் படும்போது ஓரளவும், மூடிவைத்தபோது வேறோரளவும் அக்கோல்கள் மின்சாரத்தைக் கடத்தக் கண்டு வியந்து, 1873-ம் ஆண்டில் அதை வெளியிட்டார் ஸ்மித். 1876-ம் ஆண்டில் ஆடம்ஸ், டே என்னும் இருவர் செலினியத்தில் ஒளிபட்டால் மின்சாரமே பிறக்கும் என்று நிறுவினர். 1883-ம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் சார்லஸ் பிரிட்ஸ் என்பவர் செலினியத்தின்மேல் மெல்லிய பொன் தகடு வேய்ந்து ஒளிமின்கலம் செய்தார். அதன்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கே மின்சாரமாயிற்று.

ஒளி உலோகத்திலிருந்து மின்னணுக்களை எழுப்புவது எவ்வாறு என்பதை 1905-ம் ஆண்டில் ஐன்ஸ்டைன் விளக்கினார். 1921-ம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது அவ்விளக்கத்திற்காகவே. 1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த சேபின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனால் ஆன ஒளிமின்கலத்தை வெளியிட்டனர். அது ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை மின்சாரமாக்கியது.

1958-ம் ஆண்டிற்கு மீண்டும் வருவோம். லார்சனுக்குக் கருவி வைத்த அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்கர் வான்கார்டு 1 என்னும் சிறு கோளத்தை வானில் ஏவினர். அதில் செய்தியனுப்பும் கருவிகள் இரண்டு: ஒன்று பாட்டரியால் ஓடுவது, மற்றொன்று ஒளிமின்கலத்தால் ஓடுவது. பாட்டரிக் கருவி அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அடங்கிற்று. ஒளியை உண்ட கருவியோ 1964-ம் ஆண்டு வரை பேசியது. வானத்திலுள்ள கருவியை ஆள் சென்று பழுதுபார்க்க முடியாது; நெஞ்சுக்குள் உள்ள கருவியையும் நினைத்தபோது திறக்க முடியாது. அங்கு வென்ற வழி இங்கும் வெல்லாதா?

உடலின் சன்னல்

உடலுக்குள் ஒளி ஏது என்று கேட்கலாம். இரவில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் செந்நிறமாய் ஒளிரும். வெண்ணொளியில் மற்ற நிறங்களை இரத்தம் விழுங்கிவிடச் சிவப்பு மட்டும் கடந்து வருகிறது. சிவப்பிற்கும் அப்பால், நம் கண்ணுக்குத் தோன்றாத அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். சூரிய ஒளியில் அவ்வகச்சிவப்பு நிறைய உண்டு. ஆதலின் தோலுக்கடியில் ஓர் ஒளிமின்கலம் இருப்பின் அதற்கு இரை முற்றும் இல்லாமற் போகாது.

தேவையும் மிகச் சிறிதே. ஒரு துடிப்புக் கருவிக்கு வேண்டுவது ஐந்து முதல் பத்து மைக்ரோவாட். பத்து வாட் விளக்கொன்று உண்ணும் மின்சாரத்தைப் பங்கிட்டால் பத்து லட்சம் துடிப்புக் கருவிகளுக்கு அது போதும்.

2001-ம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சிலர், தோலுக்கடியில் ஒளிமின்கலமும் பாட்டரியும் வைத்து, வெளியிலிருந்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினர். சுமார் பதினேழு நிமிஷ ஒளி, ஒரு துடிப்புக் கருவியை ஒரு நாள் முழுதும் ஓட்டப் போதும் என்று கண்டனர். ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர் ஒரு படி மேலே சென்றனர். அவர்கள் 2014-லும் 2015-லும் வெளியிட்ட ஆய்வுகளில், பாட்டரியே யில்லாமல் ஒளியால் மட்டும் ஓடும் கருவி ஒரு பன்றியின் இருதயத்தைத் துடிக்கச் செய்தது. பின்னர், முப்பத்திரண்டு பேர் 3.6 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ஒளிமின்கலத்தைக் கையில் கட்டிக்கொண்டு, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் ஒவ்வொரு வாரம் தம் வேலைகளைச் செய்துவந்தனர். தோல் மறைக்கும் அளவிற்கு ஒளியை மறைக்கும் வடிகட்டி ஒன்று அதன்மேல் இருந்தது. 2017-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மிகக் குறைந்த ஒளி பெற்றவருக்குங்கூடச் சராசரியாகப் பன்னிரண்டு மைக்ரோவாட் கிடைத்திருந்தது. ஸ்விட்ஸர்லாந்தின் மங்கிய வெயிலே போதுமாயின், ஆண்டு முழுதும் வெயில் எரிக்கும் நம் நாட்டில் ஐயம் ஏது என்று தோன்றும்.

யாருடைய தோல்?

அவ்விடத்தில்தான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். வடிகட்டி தோலுக்குப் பதிலாக நின்றதே யன்றித் தோலாகாது. மனிதர் தோலும் ஒரே தன்மையதன்று. தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்னும் பொருள் ஒளியை விழுங்குகிறது. வெயிலின் தீமையிலிருந்து நம் முன்னோரைக் காத்த காவலன் அது. அதே காவலன் ஒளிமின்கலத்திற்குச் செல்லவேண்டிய இரையையும் தடுப்பான். கரிய தோலினனுக்கு வெள்ளைத் தோலினனைவிடக் குறைந்த ஒளியே உள்ளே சேரும்.

இது வீண் அச்சமன்று. ஒளியைத் தோலினூடு செலுத்தி அளக்கும் கருவி ஒன்று முன்னரே நம் கைக்கு வந்திருக்கிறது. விரலில் கவ்வவைத்து இரத்தத்திலுள்ள பிராணவாயுவைக் காட்டும் சிறு கருவியைக் கோவிட் நோய்க் காலத்தில் வீடுதோறும் கண்டோம். 1970-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் தக்குவோ அவோயாகி என்பவர் அதன் அடிப்படையைக் கண்டார். கோடிக்கணக்கான உயிர்களுக்கு உதவிய நல்ல கருவியே அது. ஆயினும் 2020-ம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். கருவி நலமென்று காட்டிய வேளையிலும் பிராணவாயு அபாயமாகக் குறைந்திருந்த நிலை வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 ஆகவும், கறுப்பின மக்களில் நூற்றுக்கு 11.7 ஆகவும் இருந்தது. கருவி யாரையும் வெறுக்கவில்லை. அதற்குச் சாதியும் நிறமும் தெரியா. அதைச் செய்து சோதித்தவர் எத்தோலின்மீது மிகுதியாகச் சோதித்தனரோ, அத்தோலுக்கே அது மெய் சொல்லிற்று. அநீதி செய்வதற்குத் தீய எண்ணம் வேண்டுவதில்லை. எல்லாரையும் எண்ணாமையே போதும்.

ஒளியால் இயங்கும் துடிப்புக் கருவியிலும் அத்தவறு நேரின் விளைவு எண்ணைத் தவறாகக் காட்டுவதோடு நில்லாது, துடிப்பே நிற்கும். பரிகாரம் இல்லாமல் இல்லை. மெலனின் நீல ஒளியை மிகுதியாகவும் அகச்சிவப்பைக் குறைவாகவும் விழுங்கும். ஆதலின் ஏற்ற ஒளியைத் தேர்ந்தெடுக்கலாம். மின்கலத்தைச் சற்றுப் பெரிதாக்கலாம். வெயில் படும் இடத்தில் அதை வைக்கலாம். இருட்டு நாள்களுக்கெனச் சிறு பாட்டரி ஒன்றில் சேமித்து வைக்கலாம். ஆனால் இவை யாவும் அளந்து பார்த்தபின் செய்யத்தக்கவை. கரிய தோலில் அளவாமல் கரிய தோலுக்குக் கருவி செய்ய இயலாது.

கண்ணும் அரிசிமணியும்

தோல் மறைக்காத உறுப்பு ஒன்று நம்மிடம் உண்டு, அது கண். ஒளிக்கென்றே திறந்த வாயில் அது. 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஆலன் சோ என்னும் டாக்டர், ஆயிரக்கணக்கான நுண் ஒளிமின்கலங்கள் கொண்ட ஒரு சில்லைப் பார்வையிழந்தோர் விழித்திரைக்கடியில் வைத்தார். ஆனால் இயல்பாகக் கண்ணில் விழும் ஒளி அதை இயக்கப் போதவில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் பலங்கர் வேறு வழி கண்டார். மூக்குக்கண்ணாடியில் உள்ள சிறு காமிரா உலகைப் படம் பிடிக்கும்; கண்ணாடி அப்படத்தை வலிய அகச்சிவப்பு ஒளியாக மாற்றிக் கண்ணுக்குள் எறியும்; இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லு அதை மின்சாரமாக்கி நரம்பிற்குக் கொடுக்கும். செய்தியும் இரையும் ஒரே ஒளிக்கதிரில் செல்கின்றன. முதுமையால் நடுப்பார்வை இழந்த முப்பத்தெட்டுப் பேருக்கு ஐரோப்பாவில் அது வைக்கப்பட்டது. ஓராண்டு நிறைவில் சோதிக்கப்பட்ட முப்பத்திருவரில் இருபத்தறுவர் பார்வையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் பெற்றனர் என்று 2025-ம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. சிலருக்கு ரணசிகிச்சையால் தொல்லைகளும் நேர்ந்தன. ஆயினும் எழுத்தை மறந்த கண்கள் மீண்டும் எழுத்தைக் கூட்டிப் படித்தன என்பது சிறிய செய்தியன்று.

அதே 2025-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் அரிசிமணியினும் சிறிய துடிப்புக் கருவியை வெளியிட்டனர். உடலின் நீரே அதற்குத் திராவகம். அதன் இரு உலோகங்களும் அந்நீருடன் சேர்ந்து மின்கலமாகும். மார்பின்மேல் ஒட்டிய பட்டையிலிருந்து தோலைக் கடந்து செல்லும் அகச்சிவப்பு ஒளி, துடி என்று கட்டளையிடும். இங்கு ஒளி இரையன்று, அது தூதன். வேலை முடிந்தபின் கருவி உடலிலேயே கரைந்துவிடும். எடுக்க மீண்டும் கத்தி வேண்டா. விலங்குகளிலும், உறுப்புத் தானம் செய்தவர்களின் இருதயங்களிலும் சோதிக்கப்பட்டிருக்கும் அது, பிறக்கும்போதே இருதயக் குறையுடைய குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று அத்தகைய குறையுடன் பிறக்கிறது.

நம் கடமை

கையால் சுற்றிய சாவியிலிருந்து தோலைக் கடக்கும் ஒளி வரை வந்த இப்பயணத்தில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வொரு படியிலும் நோயாளியைக் கட்டியிருந்த ஒரு கயிறு அறுந்தது: முதலில் சுற்றுபவன் கை, பிறகு சுவரின் கம்பி, பிறகு தோலைத் துளைத்த கம்பி. எஞ்சி நிற்கும் கயிறு பாட்டரியின் ஆயுள். அதையும் ஒளி அறுக்கும் நாள் வரலாம். அந்நாளில் அவ்விடுதலை எல்லாருக்கும் உரியதாகுமா, சிலருக்கே உரியதாகுமா என்பது இன்று சோதனைச் சாலைகளில் எவர் தோல் அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

சூரியன் முதலாளி வீட்டுக் கூரையிலும் தொழிலாளி முதுகிலும் ஒன்றாகவே ஒளி பொழிகிறான். அவ்வொளியைப் பிடிக்கும் கருவியை மனிதன் செய்கிறான். சமநீதி அங்கேதான் உண்டாகவும் கெடவும் வழியுண்டு. ஆதலின் நம் பிள்ளைகள் பௌதிகமும் மருத்துவமும் கற்று, அளக்கப்படுபவராக மட்டுமின்றி அளப்பவராகவும் அங்குச் சென்று அமரவேண்டும். புதிய கருவி ஒன்றை டாக்டர் காட்டும்போது, விலை என்ன என்று கேட்பதோடு நில்லாமல், எம்போன்றோர் உடலில் இதைச் சோதித்தீர்களா என்றும் பணிவோடு, ஆனால் தயங்காது, கேட்கவேண்டும். அக்கேள்வி விஞ்ஞானத்திற்குப் பகையாகாது. கேள்வியாலேயே வளர்ந்த விஞ்ஞானத்திற்கு அது உற்ற துணையேயாகும்.